என் உயிலில் எழுத ஒரு பெயர் கேட்டேன்

சபையாரே, நான் குணமாகிவிட்டேன் என்று சொல்ல இங்கே வரவில்லை. மார்பில் வந்த கட்டி இப்போது எலும்புக்கும் பரவிவிட்டது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் போக மனசில்லை.

என் மகள் ஸ்டெல்லாவை உங்களுக்குத் தெரியும். போதகர் ஜெபத்தை முடிக்கும் முன்பே சத்தமாக ஆமென் சொல்கிறவள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, புத்தி மட்டும் சின்னக் குழந்தை அளவில் நின்றுவிட்டது. குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாதவிலக்கு நாட்களில் துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அவள் அப்பா இறந்த மறுவருடம் எனக்கு இந்த வியாதி. ஆஸ்பத்திரியிலிருந்து ஆவடிக்குப் பஸ்ஸில் திரும்பும்போது என் சாவை நினைத்து நான் அழவில்லை. எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்றுதான் அழுதேன்.

அன்று முதல் தினமும் ஒரே ஜெபம். எனக்கு முன்னால் அவளை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே. பெற்றவள் கேட்கிற ஜெபமா இது? கேட்டேன்.

வக்கீலிடம் போனேன். "வீட்டை ஸ்டெல்லா பேர்ல நேரா எழுதினா, அவங்களால ஒரு கையெழுத்து போட முடியாதும்மா. யாராவது ஏமாத்திடுவாங்க. உயில்ல டிரஸ்ட் வச்சு எழுதலாம். வீடு டிரஸ்ட்ல இருக்கும், அதுல வர்றதெல்லாம் அவங்க செலவுக்கு. ஆனா பொறுப்பா பாத்துக்க ஒருத்தர் பேர் வேணும்" என்றார்.

அந்தப் பேர்தான் இல்லை. என் தம்பியைக் கேட்டேன். "வீட்ட என் பேருக்கு எழுதிக் குடுத்துரு அக்கா. அவள எங்கியாவது ஒரு ஹோம்ல சேத்துர்லாம்" என்றான். என் கணவர் வீட்டு ஆட்கள் போனையே எடுக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க, உயிலில் எழுத ஒரே ஒரு பேர் கொடும் என்று முழங்காலில் கிடந்தேன்.

எங்கள் எதிர்வீட்டு ஷீலா, பாடி பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நான் கீமோவுக்குப் போகிற நாட்களில் லீவு போட்டு ஸ்டெல்லாவோடு இருப்பாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஈஸ்டர் முடிந்து ஒரு சாயங்காலம் அவளே வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உயிலுக்கு ஒருத்தர் பேர் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். என் பேர எழுதுங்க. ஊட்ல அவர்கிட்டயும் பேசிட்டேன்."

"அப்படின்னா ஸ்டெல்லாவுக்கு அப்புறம் இந்த வீடு உனக்குத்தான்மா" என்றேன்.

"வேணாம் ஆன்ட்டி. எனக்கு வரும்னு எழுதி வச்சீங்கன்னா, என்னிக்காவது ஒருநாள், இவ சீக்கிரம் போய்ட்டா தேவலன்னு என் மனசு நெனைச்சிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

நாள் தவறாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். பெற்ற நான். அன்று அழுத அழுகை என் கணவர் இறந்தபோதுகூட அழவில்லை.

உயில் எழுதி ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவும் செய்தாயிற்று. ஷீலாதான் பொறுப்பாளர். அவளுக்கு அதில் ஒரு செங்கல்கூட இல்லை. ஸ்டெல்லாவின் காலத்துக்குப் பிறகு வீடு அவளைப்போன்ற பிள்ளைகளைப் பார்க்கிற ஓர் இல்லத்துக்குப் போகும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். விசுவாசிக்கு உயில் எதற்கு, எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள். வக்கீலையும் பாருங்கள், முழங்காலிலும் நில்லுங்கள். அவர் ஒரு ஆளை அனுப்புவார்.

இனி மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயம் இருக்கிறது. பிள்ளையை விட்டுப் போகிற துக்கமும் இருக்கிறது. ஆனால் என் ஜெபம் மாறிவிட்டது. நான் முன்னால் வருகிறேன் ஆண்டவரே, அவள் மெதுவாக வரட்டும்.