கொழும்பில் நாற்பது நிமிடம்

அந்த வியாழக்கிழமைக்கான டைரிப் பக்கத்தில் ஒன்பது வரிகள் இருக்கின்றன. முதல் வரி: "காலை 5.40. பெட்டி பூட்டியாயிற்று. சாவி சரிபார்த்தேன்."

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. சிங்கப்பூரில் என் அண்ணன் மகளுக்கு மறுநாள் ஜும்மா தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அண்ணன் முந்தின வருஷமே அங்கே காலமாகிவிட்டார். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வலியாக நின்று, அதாவது பெண் பக்கத்துப் பொறுப்பாளியாக நின்று, நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவன் நான்தான். அண்ணன் தன் கடைசிக் கடிதத்தில் என்னிடம் இரண்டு காரியங்கள் கேட்டிருந்தார். நீ வந்து நின்று என் மகளைக் கட்டிக் கொடு. நம் அம்மாவின் கருகமணிதான் தாலியாக அவள் கழுத்தில் ஏற வேண்டும். என் பாஸ்போர்ட் வரத் தாமதமானதால் கல்யாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடவை தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டதாக மதினி எழுதியிருந்தார்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு வேறொரு கம்பெனியின் விமானம். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம். அது தாராளம் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொன்னார். நானும் நம்பினேன்.

பேகம்பூரில் எனக்கும் என் மச்சினனுக்கும் கூட்டாக ஒரு தோல் கிடங்கு உண்டு. அதன் கதவில் தொங்குவது சொல்லிச் செய்த திண்டுக்கல் பூட்டு. சாவித் துவாரம் இரண்டு. பூட்டுவதானாலும் திறப்பதானாலும் இரண்டு சாவியும் திரும்ப வேண்டும். ஒன்று அவனிடம் இருக்கும், மற்றது என்னிடம். ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் கூட்டு வியாபாரம் செய்பவர்கள் பலரும் வைத்திருந்த முறைதான். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அவன் முதலில் தன் சாவியைத் திருப்பி எடுத்து இடுப்புப் பெல்ட்டின் பைக்குள் போடுவான். பிறகு நான் என்னுடையதைத் திருப்பி எடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதில் மாற்றமில்லை.

அன்று விடிகாலையில் அவன் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். கூடத்தில் இருந்த தகரப் பெட்டியையும் அதில் மாட்டியிருந்த சின்னப் பூட்டையும் பார்த்தான்.

"என்ன மச்சான், கோழிக்கூட்டுக்குப் போடுற பூட்டப் போட்டிருக்கீக?"

"கோழிக்கூட்டுக்கு எவன் மாப்ளே பூட்டுப் போடுறான்?"

"அதத்தானே நானும் கேக்குறேன். கடல் தாண்டிப் போற பெட்டி. உள்ள அத்தையோட கருகமணி வேற கெடக்கு. செத்த நேரம் இருங்க, வாரேன்."

ஓட்டமாகத் தன் வீட்டுக்குப் போனான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கிடங்குப் பூட்டின் மாதிரியிலேயே நாங்கள் செய்து வைத்திருந்த புதுப் பூட்டை எடுத்து வந்தான். பெட்டிக்குள் கருகமணியோடு கல்யாணப் பட்டு, சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைகள் நாலு, என் உடுப்பு, கடைசி நிமிடத்தில் வீட்டுப் பெண்கள் ஈர வாழைமட்டையில் கட்டித் திணித்த நிலக்கோட்டை மல்லிகை. மூடியை அழுத்திப் பிடித்தோம். அவன் தன் சாவியைத் திருப்பி எடுத்துப் பெல்ட்டுக்குள் போட்டான். நான் என்னுடையதைத் திருப்பி எடுத்துச் சட்டை உள்பையில் வைத்து, இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். கிடங்குப் பூட்டுக்கான என் சாவியையும் நினைவாக அவனிடம் ஒப்படைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டைரியில் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சி வரைக்கும் பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லை. விமான நிலையத்துப் பெஞ்சில் மூன்று மணி நேரம். ஒரே விவரத்தை நாலு தாள்களில் எழுதிக் கொடுத்தேன். வர வேண்டிய விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஏறிய பிறகு காது அடைத்துக்கொண்டது. கீழே தெரிந்த கடலைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் இறங்கியபோது மணி இரண்டு. அடுத்த விமானம் 2.40க்கு.

பெட்டியை நாமே எடுத்து, சுங்கத்தில் காட்டி, அடுத்த கம்பெனிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். எடுக்கும்போதே 2.12 ஆகிவிட்டது. சுங்க மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. சாவியை அவர்கள் திறப்பு என்பார்கள்.

"பெட்டியைத் திறவுங்கோ ஐயா."

என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு அசையவில்லை. மறுபடியும் திருப்பினேன். அப்போதுதான் இரண்டாவது துவாரம் என் கண்ணில் பட்டது. காலையிலிருந்து எத்தனையோ முறை பார்த்த துவாரம்தான்.

"ஏன், திறப்பு சரியில்லையோ?"

"சரியாத்தாங்க இருக்கு. இன்னொன்னு வேணும்."

"ஒரு பூட்டுக்கு ரெண்டு திறப்போ? மற்றது எங்க?"

"திண்டுக்கல்ல இருக்கு. எங்க மச்சினன் இடுப்புல."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ. இவர் பெட்டியை இஞ்ச கொண்டு வந்திருக்கிறார், திறப்பை மச்சானிட்டக் குடுத்துட்டு வந்திருக்கிறார்." இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மறுநாள் நிக்காஹ், நான்தான் வலி என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"உடைப்பமோ?"

"உடைங்க."

சுமை தூக்குபவர் ஒருவர் கடப்பாரை கொண்டுவந்தார். நாலு அடி அடித்தார். பூட்டின் மேல் கீறல்தான் விழுந்தது. நாதாங்கியை நெம்பிப் பார்த்தார். அதற்கு இரட்டை ஆணி அடிக்கச் சொல்லியிருந்தவன் நான். கீலைப் பெயர்க்கப் பார்த்தார். அங்கேயும் இரும்புப் பட்டை. அதுவும் என் ஏற்பாடு. அவருக்கு வியர்வை வழிந்தது. "சும்மா சொல்லக்கூடாது ஐயா, நல்ல பூட்டு," என்றார் அதிகாரி. எங்கள் ஊர்ப் பூட்டை அந்த வேளையில் நான் வெறுத்ததுபோல் வேறு யாரும் வெறுத்திருக்க மாட்டார்கள்.

2.27. ஒலிபெருக்கியில் சிங்கப்பூர் விமானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"திறக்காமல் விட எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் போறதெண்டால் போங்கோ, பெட்டி இஞ்ச கிடங்கில கிடக்கும். இல்லையெண்டால் நில்லுங்கோ, தகரத்தை வெட்டுற ஆள் நாளைக்குத்தான் வருவான்."

அண்ணன் கேட்டவை இரண்டு. அதில் ஒன்றுதான் இந்த விமானத்தில் ஏற முடியும். நான் நெடுநேரம் யோசித்ததாக நினைவு. உண்மையில் அது இரண்டு நிமிடம்கூட இருக்காது, ஏனென்றால் 2.30க்கு ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கருகமணி இல்லாமல் நிக்காஹ் நடக்கும். வலி இல்லாமல் நடக்காது. பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கடைசி ஆளாக ஏறினேன். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கவலையில் தூக்கம் வராது என்பார்கள், எனக்கு வந்தது.

சிங்கப்பூரில் மாற்று உடுப்புகூட இல்லை. மறுநாள் அண்ணனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்தேன். தோள் பக்கம் தொளதொளத்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அடுத்த வீட்டு அம்மாள் கொடுத்த கருகமணியை மாப்பிள்ளையின் தாயார் கட்டினார்.

பிறகு பெண் என்னிடம் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள். "சின்னத்தா, பெட்டி தொலைஞ்சு போச்சாமே?"

"தொலையலம்மா. பூட்டிக் கெடக்கு."

"யாரும் திறந்துட மாட்டாங்களே?"

"நானே திறக்க முடியல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மணப்பெண் சிரிக்கக்கூடாது என்று மதினி அதட்டினார். அப்புறம் மதினி என் சட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார்.

பதினொரு நாள் கழித்துத் திரும்பும்போது கொழும்பில் ரசீதைக் காட்டிப் பெட்டியை வாங்கினேன். வந்த ஊருக்கே திரும்புகிற பெட்டி என்று அங்கேயும் திருச்சியிலும் திறக்கச் சொல்லாமல் விட்டார்கள். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் மச்சினன் நின்றிருந்தான், சாவியைக் கையில் பிடித்தபடி.

"அன்னிக்குப் பொழுது சாயத்தான் கிடங்கத் திறக்கப் போனேன் மச்சான். பெல்ட்டுல கைய விட்டா, ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டேன். அன்னியிலேருந்து சோறு எறங்கல."

"சோறு எறங்காத வயிறா இது?" என்றேன். சண்டை போடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

வீட்டில் அவன் ஒன்றும் நான் ஒன்றுமாகத் திருப்பினோம். மல்லிகை கறுத்து அழுகி, பட்டின் ஓரத்தில் கறை ஏறியிருந்தது. சின்னத் தகர டப்பிக்குள் இருந்ததால் கருகமணிக்கு ஒன்றுமில்லை. இரண்டு மாதம் பொறுத்து, பேகம்பூரிலிருந்து சிங்கப்பூர் போனவர் ஒருவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். போட்டுக்கொண்டதாக அவள் ஒரு வரி எழுதினாள். அண்ணன் கேட்ட இரண்டும் நடந்தன, ஒரே நாளில் இல்லை, அவ்வளவுதான்.

கிடங்கை இப்போதும் அதே பூட்டால்தான் பூட்டுகிறோம். ஒரே ஒரு மாற்றம். தன் சாவியைத் திருப்பி எடுத்ததும் மச்சினன் அதை உடனே பெல்ட்டுக்குள் போடுவதில்லை. என் முகத்துக்கு நேரே ஒரு நொடி தூக்கிக் காட்டுவான். நான் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போடுவான்.