வெர்லின் வீட்டு முள்ளம்பன்றிக் கொடி

எதிர்வீட்டு வெர்லின் வீட்டில் நீலம் அடிக்காத பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். தபால்பெட்டி நீலம், புல் வெட்டும் இயந்திரம் நீலம், நாய்க்குச் சோறு போடும் தட்டுகூட நீலம். எங்கள் லூப் கிராசிங் கல்லூரியின் ஃபுட்பால் அணியான கொக்குகளின் நிறம் அது. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில், ஊரே பார்க்கிற மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு முள்ளம்பன்றிக் கொடி பறக்கிறது என்றால் நாங்கள் சிரிக்காமல் என்ன செய்வோம்?

இத்தனைக்கும் வெர்லின் அந்தக் கல்லூரியில் ஒருநாள்கூடப் படித்ததில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஆனால் வாயைத் திறந்தால் “நாம”தான். “நாம நேத்து பிச்சு ஒதறிட்டோம்”, “நமக்கு முழங்கால்ல அடி”. அடிபட்டது யாரோ ஒரு கல்லூரிப் பையனுக்கு. வாரம் முழுக்க நொண்டுவது வெர்லின்.

மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க உட்கார்ந்தபோது, சர்ச் எந்த நாள் காலி என்று சம்பந்தி வீட்டார் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் ஆட்ட அட்டவணையை விரித்து, “கொக்குங்க வெளியூர் போற வாரம்னா எனக்குச் சம்மதம்” என்றார். வெளியூர் ஆட்டத்தையும் விட்டாரா? மகளை மேடைக்கு அழைத்துப்போனவுடன் காதில் ரேடியோ ஒயரைச் செருகிக்கொண்டார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற துக்கத்தில் அப்பா அழுகிறார் என்று எல்லாரும் உருகினார்கள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அது பந்து கைநழுவிப்போன அழுகை.

எனக்கு இந்தப் பந்து விவகாரத்தில் அக்கறையே கிடையாது. என் சமையலறை ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான்.

கொடிக்கு வருகிறேன். வெர்லினின் மனைவி ஆர்டிஸுக்குப் பிறந்த ஊர் ஹால்பெர்ட். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்த ஊர்க் கல்லூரி அணிதான் முள்ளம்பன்றிகள். அங்கே ஆர்டிஸின் அண்ணன் எல்டன் சோளம் விதைத்து, மாடு வளர்த்து, தனியாகக் கிடக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நாலு பேர் கூடும் இடம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். எந்தப் பண்டிகைக்கு ஆர்டிஸ் கூப்பிட்டாலும் “மாடு கன்னு போடுது” என்பார். வருஷம் பூராவுமா ஒரு மாடு கன்று போடும்? ஆனால் நவம்பரில் கொக்கும் முள்ளம்பன்றியும் மோதுகிற வாரம் மட்டும் எந்த மாடும் அவரைப் பிடித்து நிறுத்தாது.

வெர்லினுக்குக் கல்யாணமான புதிதில் மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தோற்றவன் வீட்டு வாசலில் ஜெயித்தவன் கொடி, அடுத்த ஆட்டம் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜெயித்தவன் தானே வந்து கட்டுவான். தோற்றவன் சோறு போடவேண்டும். கொடியைத் தோற்றவன் கையால் தொடக்கூடாது. இந்தக் கடைசி விதி பிறகு சேர்த்தது. ஒரு வருஷம் வெர்லின், அழுக்காகிவிட்டது, துவைக்கிறேன் என்று கொடியைக் கழற்றி, குளிர்காலம் முடியும்வரை துவைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் பேசாத எல்டனுக்கு எங்கிருந்துதான் வாய் வருமோ.

“என்ன மாப்ள, கொக்கு ஒத்தக் கால்ல நிக்கும்னு பாத்தா, ரெண்டு காலும் மடங்கிப்போச்சே?”

“ரொம்பத் துள்ளாத மச்சான். போன வருஷம் ஒன் வீட்டு வாசல்ல எங்க கொக்கு ஒக்காந்து எச்சம் போட்டுச்சே, அதக் கழுவிட்டியா?”

“சாப்பிடற எடத்துல என்ன பேச்சு இது! ரெண்டு பேரையும் வெளில தள்ளிக் கதவச் சாத்திடுவேன்!” என்று ஆர்டிஸ் கரண்டியோடு வருவாள். வருவாளே தவிர, சிரிப்பை அடக்க அவளால் முடியாது. அவள் சிரிப்பு தெருவைத் தாண்டி என் சமையலறைக்கு வரும். வேறு நாளில் அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் கூட்டணிப் பிரச்சினை வந்தது. கல்லூரி அணிகள் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்துதானே ஆடுகின்றன. எங்கள் சமவெளிக் கூட்டணியில் கொக்குகள் காலங்காலமாக இருந்தார்கள். திடீரென்று ஒருநாள், கொக்குகள் அதை விட்டு விலகி, கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டணிக்குப் போகிறார்கள் என்று செய்தி. இந்த நவம்பர் ஆட்டத்தோடு முள்ளம்பன்றிகளுக்கும் நமக்கும் சரி.

ஊர் ரெண்டுபட்டது. பெட்ரோல் பங்கில் காபி குடிக்கிற மேஜையைச் சுற்றிக் காலையில் ஒரே சத்தம்.

“கடல்கரைக்காரன் இங்க வர்றதுக்கே ரெண்டு பிளேன் மாறணும். அவன் எதுக்கு நம்மளச் சேத்துக்கறான்?”

“ஆட்டம் வியாழக்கெழம ராத்திரியாம். மறுநாள் வேலைக்கு யாரு போறது, கொக்கா போவும்?”

“எங்கப்பா காலத்துலேருந்து மோதறோம். பக்கத்து ஊர்க்காரன விட்டுட்டு எவனையோ திட்டச் சொன்னா வாய் வருமா?”

வெர்லின் மட்டும் தலைகால் புரியாமல் குதித்தார். “கெணத்துத் தவளையாவே இருந்துருங்கப்பா! நாடு பூரா டிவில நம்மளக் காட்டப்போறான். முள்ளம்பன்றியோட முட்டிக்கிட்டே காலத்தத் தள்ளணுமா?” கல்லூரியில் கருத்துக் கேட்ட கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேசினார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதில் அவர் வாய் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை இருந்தது.

பங்கில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் ட்வைலா எதையும் சத்தமாகக் கேட்கமாட்டாள். காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இனிமே முள்ளம்பன்றியோட ஆட்டமே கெடையாதா வெர்லின்?”

“கெடையாது. விட்டுது சனி.”

“அப்ப இந்த நவம்பர்ல நீங்க தோத்தா, ஒங்க மச்சான் கட்டற கொடிய எப்ப எறக்குவீங்க?”

“அடுத்த ஆட்டம் வரை...” என்று ஆரம்பித்த வெர்லின் பாதியில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. பால் வாங்கப் போன நான் பாலை மறந்துவிட்டு நின்று பார்த்தேன். நாடு பூரா டிவியில் தெரியப்போகிற மனிதர், சாகிறவரைக்கும் வாசலில் முள்ளம்பன்றியை வைத்துக்கொண்டு நிற்கவேண்டி வரும் என்பதை அப்போதுதான் யோசித்தார்.

“தோத்தாத்தான!” என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமலே போனார்.

அன்றைக்கே மச்சானுக்குப் போன் போட்டார் என்று ஆர்டிஸ் சொன்னாள். “மச்சான், இந்தத் தடவ வேணா கொடிய ஒரு மாசத்துக்குன்னு வச்சுக்கலாமா?” என்று இழுத்தாராம். “ஏன் மாப்ள, பெரிய எடத்துக்குப் போறவனுக்கு ஒரு துணிக்கா பயம்?” என்று கேட்டுவிட்டு எல்டன் வைத்துவிட்டாராம்.

ஆட்டம் நடந்தது. கடைசி நிமிஷம்வரை கொக்குகள்தான் முன்னால். முள்ளம்பன்றிப் பையன் ஒருவன் கடைசியாக உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, வெளியே விழலாமா உள்ளே விழலாமா என்று யோசித்து, உள்ளே விழுந்தது. வெர்லின் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாயை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நாய் என் வீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்டன் வந்து கொடியைக் கட்டினார். ஆர்டிஸ் மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டாள். அன்றைக்குச் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. கிளம்பும்போது எல்டன் டிரக்கில் ஏறிக்கொண்டு, வழக்கம்போல, “அடுத்த ஆட்டம் வரைக்கும் கை வைக்கக்கூடாது மாப்ள” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். “சரி, வர்றேன்” என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. டிரக் திரும்பி மறைகிறவரை ஆர்டிஸ் குளிரில் சால்வை இல்லாமல் நின்றாள்.

புதுக் கூட்டணி வந்தது. டிவியில் காட்டினார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். வியாழக்கிழமை ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் வெர்லின் கொட்டாவி விட்டபடி பஸ் ஓட்டுவார். ஒரு நாள் வாசலுக்கு ஓடிவந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஜெயிச்சுட்டோம்!”

“யார?”

“கடல்நாய!”

“அது எந்த ஊரு?”

“அதான்... கடலுக்குப் பக்கத்துல” என்றார். ஜெயித்த சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். யாரிடம் போய் வம்பிழுப்பது? கடல்நாய்க்காரர்களில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. தலைக்கு மேலே முள்ளம்பன்றி படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கே பாவமாக இருந்தது.

நவம்பர் வந்தது. ஆட்டம் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை, கறி நிறைய இருக்கிறது, சாப்பிட வா என்று ஆர்டிஸ் என்னைக் கூப்பிட்டாள். போனேன். மேஜையில் ஏற்கெனவே மூன்று தட்டுகள். மூன்றாவது எனக்காகப் போட்டதல்ல என்று உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பழக்கத்தில் அண்ணனுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டாள்.

வெர்லின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அடுத்த வாரம் நாம கடல்கரைக்குப் போறோம், பெரிய ஆட்டம்” என்றார்.

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நாம போறோம், நாம போறோம்னு குதிச்சியே வெர்லின், போகலாமான்னு என்னை ஒரு வார்த்த கேட்டியா? வருஷத்துல ஒரு நாள், இங்கயோ அங்கயோ, எங்கண்ணனோட ஒக்காந்து சாப்பிடுவேன். எனக்கு இருக்கறது அந்த ஒரு அண்ணன். அந்த ஒரு நாளையும் கடல்கரைக்காரனுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கற. எனக்கு எங்கண்ணனப் பாக்கணும்.”

“கூப்பிட்டா மட்டும் வந்துருவானா? மாடு கன்னு போடுதும்பான்.”

“நீ கூப்பிட்டியா?”

வெர்லின் கறிப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

“நான் கூப்பிட்டா கன்னு போடும். நீ கூப்பிடணும். ஒங்கிட்ட வம்பு பண்ணத்தான் அவரு வருவாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. நானும் வெர்லினும் அந்தக் கறியைத் தின்று தீர்த்தோம். இப்படியொரு தண்டனைச் சாப்பாட்டை என் ஆயுசில் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை, காபி போட ஜன்னலருகே நின்றேன். வேவு பார்க்கவில்லை, காபிதான். பஸ் எடுக்கப் போகும் முன் வெர்லின் ஏணியைச் சாத்தி ஏறினார். கையில் மரக்கிளை வெட்டும் நீளக் கத்தரி. விதி என்றால் விதிதான், கொடியைக் கையால் தொடவே இல்லை. ஏணியில் எட்டி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, முள்ளம்பன்றியை வால்பக்கமிருந்து கழுத்துவரை நறுக்கினார். இறங்கி, கத்தரியைப் புதருக்குள் ஒளித்துவிட்டு, போனை எடுத்தார். அவர் போன் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“மச்சான்! ஒன் கொடி கிழிஞ்சு தொங்குது... காத்துதான். பேய்க் காத்து... நான் எப்படி மாத்தறது? தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன?... ஒங்க அணிக்குத்தான் அசிங்கம். ஊரே பாத்துச் சிரிக்குது... ஞாயித்துக்கெழம வாயேன். ஆர்டிஸ் சமைப்பா.”

அந்தப் பக்கம் எல்டன் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. வெர்லின் போனைக் காதில் வைத்தபடி செருப்பால் படியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், “சரி மச்சான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பேச்சு. மறுநாள் மத்தியானமே எல்டனின் டிரக் வந்து நின்றது. கக்கத்தில் புதுக் கொடி, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் சும்மா இருப்பேனா? சுட்டு வைத்திருந்த ஆப்பிள் பை பலகாரத்தைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

“மாடு?” என்றார் வெர்லின்.

“போட்டுருச்சு” என்றார் எல்டன்.

ஏணியில் ஏறிப் பழைய கொடியைக் கழற்றினார். வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மேலே நின்றபடியே வெர்லினைப் பார்த்தார்.

“காத்தா, மாப்ள?”

“காத்துதான் மச்சான்.” வெர்லின் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு புல்கூட ஆடவில்லை.

எல்டன் புதுக் கொடியைக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து, வெர்லின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அடுத்த வருஷமும் இதே வாரம் அடிக்குமா இந்தக் காத்து?”

“அடிக்கும் மச்சான்” என்றார் வெர்லின். “கண்டிப்பா அடிக்கும்.”

கதவு படாரென்று திறந்தது. கையெல்லாம் மாவோடு ஆர்டிஸ் நின்றாள். அழுதிருக்கிறாள், அதை மறைக்கவும் இல்லை.

“கிறிஸ்மஸுக்கும் அடிக்கச் சொல்லு!”