தாடி வைத்தவனின் சவரப் புண்

அந்தப் புண்களைப் பற்றி முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற இடத்திலா வந்தன? இரண்டு அக்குளிலும், தொப்புளுக்கு வெகு கீழேயும், கடுகு கடுகாகச் சிவந்து, சிலவற்றில் சீழும் வைத்திருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குக் குனியும்போது உள்ளாடை உரசி உயிர் போனது.

அந்த இடங்களின் முடியை நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்று எங்கள் வீட்டு ஆண்களுக்கு மீசை அரும்பும்போதே சொல்லிவிடுவார்கள். முப்பது வருடமாக, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கிளம்பும் முன் அந்த வேலையை முடித்துவிடுவேன். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதனால் கோளாறு என் கையில் இருக்க முடியாது, ரேசரில்தான் என்று நினைத்தேன்.

ரேசர் என் கடையில் எடுத்தது. கொடைக்கானல் பஜாரில் சோப்பு, சீப்பு, பவுடர் விற்கும் சின்னக் கடை. வத்தலக்குண்டிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு வேன் சரக்கு கொண்டுவரும். பழைய ஆள் நின்றுபோய், நோன்புப் பெருநாளுக்குச் சற்று முன்னால்தான் புதியவர் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். கேட்காமலே தள்ளுபடி தருவார். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு முதலில் சந்தேகம் விழுந்தது.

மதியம் கூட்டம் குறைந்ததும் ரேசர் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய சரக்கில் மிஞ்சிய அட்டையோடு ஒப்பிட்டால் நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓர் எழுத்து கோணலாகப் பட்டது. மறுபடி பார்த்தால் நேராக இருந்தது. அந்த நேரம் பார்த்து, மேல்மலையில் பூண்டு போடுகிற ஒருவர் வந்து சேர்ந்தார். முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டுவதற்காக அங்கே முடியை எடுத்தாராம்.

"என்ன ரேசர் பாய் குடுத்தீங்க? சுத்திலும் கொப்பளிச்சுக் கெடக்கு" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டினார்.

அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. நல்ல சரக்கை வழியில் எங்கோ இறக்கிவிட்டுப் போலியை ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் வேன் வந்து நின்றபோது கடை வாசலில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கேட்டேன். "ஏன் தம்பி, எத்தனை மாசமா டூப்ளிகேட் சரக்க என் தலையில கட்டுற?"

அவர் சிரிப்பு நின்றது. "என்ன பாய் சொல்றீங்க?"

"ஒன் ரேசரப் போட்டு எனக்கே புண்ணாயிருச்சு."

"எங்க பாய், காட்டுங்க. போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிருவோம்."

எங்கே காட்டுவது? "கன்னத்துலதான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சுவரை தொங்கும் என் தாடியைப் பார்த்தார். "தாடில்ல பாய் வச்சிருக்கீங்க?" என்றார் மெதுவாக.

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கு வெறி ஏறியது. "கள்ளச் சரக்கு விக்கிறவனுக்கு வாயப் பாரு!" என்று கத்தி, பெட்டியைத் தூக்கி வேனுக்குள் எறிந்தேன். அத்தோடு விடாமல் அவருடைய முதலாளிக்கும் போன் செய்து சொன்னேன்.

என் ரேசரையும் குப்பையில் போட்டேன். புண் மட்டும் ஆறவில்லை. படிகாரம் தேய்த்தேன், பவுடர் கொட்டினேன், பனிக்குப் பயந்து இறுக்கமான நைலான் உள்சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். நான் நடக்கிற நடையைக் கவனித்து வந்த என் மனைவிக்கு வேறு சந்தேகம். "சுகராத்தான் இருக்கும். என்னமோ மறைக்கிறீங்க" என்று டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு ரேசரை எவ்வளவு நாள் யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பெருநாளைக்குப் பிரிச்சது."

"எந்தப் பெருநாள்?"

"நோன்புப் பெருநாள்."

அப்போது கார்த்திகை மாதம்; பிரித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "ரேசர் விக்கிற கடைய வச்சுக்கிட்டா?"

பச்சைத் தண்ணீரில், அவசரத்தில், மழுங்கிய ரேசரால் முடிக்கு எதிர்ப்பக்கமாக இழுத்திருக்கிறேன். ரேசரும் ஈரக் குளியலறையிலேயே கிடந்திருக்கிறது. வெட்டுப்பட்ட முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து சீழ் வைத்திருக்கிறது என்றார் டாக்டர். படிகாரமும் நைலானும் அதைக் கிளறிவிட்டனவாம். களிம்பு எழுதிக் கொடுத்து, ஆறும்வரை அங்கே ரேசரே படக்கூடாது, அதன்பிறகும் கத்தரியால் குறைத்துக்கொண்டாலே போதும் என்றார்.

டாக்டரையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. பூண்டுக்காரர் மறுபடி வந்தபோது, முழங்காலை எப்படிச் சவரம் செய்தார் என்று துருவினேன்.

"ஆட்டுக்குக் கால்ல புண்ணு பாய். மருந்து வைக்க அதுக்கு முடிய எடுத்தேன். அந்தச் சோலியோட சோலியா வெரசா எனக்கும் இழுத்துக்கிட்டேன்."

"அதே ரேசர்லயா?"

"பெறகு? புதுசுதான பாய் அது."



அதற்குள் வேனில் வேறொருவர் வர ஆரம்பித்திருந்தார். அந்தச் சிரித்த முகக்காரர் எங்கே என்று கேட்டால் மழுப்பினார். புண் ஆறிய வாரம் பஸ் ஏறி வத்தலக்குண்டுக்குப் போனேன். குடோனில் அவர் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் போனுக்குப் பிறகு முதலாளி வண்டிச் சாவியை அவரிடம் தரவே இல்லையாம்.

அவரை ஓரமாக அழைத்து, புண் எங்கே வந்தது என்பதையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய்."

"அத்தனை பேருக்கு முன்னாடி எப்படிப்பா அதச் சொல்றது?"

"அத்தனை பேருக்கு முன்னாடி என்னையக் கள்ளன்னு மட்டும் சொல்ல முடிஞ்சுச்சே."

 நேரே அவர் முதலாளியிடம் போய், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். எந்த இடத்துப் புண் என்று முதலாளி கேட்டபோது அதையும் மறைக்கவில்லை. குடோனில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

மறு செவ்வாயிலிருந்து வேனில் அந்தத் தம்பியே வருகிறார். தள்ளுபடி உண்டு, மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் என் முன்னால் வைத்து, ஒட்டியிருக்கும் டேப்பைக் கிழித்து, ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டுகிறார். "வேணாம்ப்பா, நம்புறேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "பாத்துக்கங்க பாய்" என்பார். நான் பார்த்துத் தலையாட்டும்வரை அடுத்த பெட்டியைத் தொடுவதில்லை.