ஆணியில் தொங்கிய படங்கு

"இன்னும் காத்து வருதா புள்ள?"

பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி மதலேனாவிடம் கபிரியேல் கேட்கிறார். பைக் நகரவே இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நிற்கிறது. அவர் முன்னால் நின்று ஓர் அட்டையால் பலமாக விசிறிப் பார்க்கிறார். மதலேனா அக்கா இல்லை என்று தலையாட்டுகிறார். கபிரியேலுக்கு நம்பிக்கை வரவில்லை. முன்கண்ணாடியை இன்னும் ஓர் அங்குலம் உயர்த்தித் திருகாணியை முடுக்குகிறார்.

கண்ணாடி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். பெரிய தண்ணீர்ப் போத்தலை வெட்டி நிமிர்த்தியது. கைப்பிடிகளுக்கு உரப்பையில் தைத்த உறை. முன்சக்கரத்துச் சேறு தெறிக்காமல் பழைய டியூப். மூடுபனிக்கு விளக்கின்மேல் மஞ்சள் தாள். பின்னால் சாய்ந்துகொள்ள, தோட்டப் பள்ளியில் என் வகுப்பறையின் காலொடிந்த நாற்காலியிலிருந்து கழற்றிய முதுகுப்பலகை. அதைக் கேட்டு இரண்டு மாதம் என்னை நச்சரித்தார். எங்கள் மடுல்சீமையில் இப்படியொரு பைக் கிடையாது. "கபிரியேல் மாமா வீடு வருது" என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புதனும் சனியும் அக்காவை இரத்தம் சுத்திகரிக்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. காலையில் பஸ் உண்டு. ஆனால் ஊசியைக் கழற்றி, தலைசுற்றல் அடங்குவதற்குள் திரும்பி வரும் பஸ் போய்விடும். அதனால்தான் பைக். ஐப்பசி பிறந்தால் தை வரை மழை விடாது.

"குளிருதான் டீச்சர் அவள உருக்குது. நனையாம கொண்டு போயிட்டா தேறிருவா" என்பார் கபிரியேல்.

டாக்டர் சொன்னது வேறு; சிறுநீரகம் இனி மீளாது. நானும் இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊசி ஏறும் இடது கைக்கு ரெக்சினில் ஓர் உறை தைத்தார். எனக்குக் கோபம் வந்தது. மழையோடு சண்டை போட்டு யார் சிறுநீரகத்தை மீட்டிருக்கிறார்கள்? வேறு எதோடுதான் அந்த மனிதர் சண்டை போடுவார் என்று பிறகு தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒன்று மட்டும் அவருக்கு வசப்படவில்லை. பக்கவாட்டில் அடிக்கும் சாரல் அக்காவின் முழங்கால்களை நனைத்துவிடும். பொலித்தீன் வழியிலுள்ள பசறை போவதற்குள் கிழிந்துவிடும். உரப்பை ஊறிக் கனக்கும். தாங்கக்கூடியது வீட்டில் ஒன்றுதான் இருந்தது. கொழுந்து பறிக்கும்போது அக்கா இடுப்பில் கட்டிய படங்கு. மழைக்கும் தேயிலைச் செடிக்கும் ஈடுகொடுக்கும் தடித்த ரப்பர் சீலை. மூன்று வருடமாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஒருநாள் நான் அதைச் சுட்டிக்காட்டியபோது கபிரியேலின் முகம் மாறிவிட்டது.

"அது அவ கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப வேணும் டீச்சர்."

பூஞ்சணம் பிடிக்காமல் மாதத்துக்கொரு தடவை அதைத் துடைத்து வெயிலில் போடுவார். அக்கா படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன புதன்கிழமை மழை கொட்டியது. புறப்படும் நேரத்தில் அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். கையில் படங்கும் கத்தரிக்கோலும். இரண்டையும் சீட்டின்மேல் வைத்தார்.

"வெட்டுங்க. முழங்காலு நடுங்குது. மலைக்கு நான் இனி எங்க போகப் போறேன்."

கபிரியேல் படங்கை விரித்து ஒரு தடவை துடைத்தார். குடையோடு நின்ற என்னைப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். சீலையை நடுவில் வெட்டி, பைக்கின் இரண்டு பக்கமும் கம்பியால் கட்டினார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, முழங்கால்களை மூடினார்.

பிறகு உள்ளே போனார். படங்கை இடுப்போடு சேர்த்துக் கட்டும் நாடாவை மட்டும் வெட்டாமல் பிரித்து வைத்திருந்தார். அதைச் சுருட்டி, அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்து பைக்கை உதைத்தார்.