பொன்னையா அண்ணாச்சி வயலில் கதிர் வராத மூலை

வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் உதவி அலுவலராக இருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என் அனுபவத்தை எழுதச் சொல்கிறார்கள். பெருமையாகச் சொல்லச் சில உண்டு. அதற்கு முன்னால் என்னை அரித்துக்கொண்டிருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாரம் என்ற ஊரில் என் வீட்டுக்கு எதிரே ரோட்டு வளைவு. அதை ஒட்டிப் பொன்னையா அண்ணாச்சியின் வயல். கும்பப்பூ என்னும் இரண்டாம் போகத்துக்கு மட்டும் விதைக்கும் ஒரு நாட்டு நெல்லை அவர் வருடக்கணக்காகப் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றி வந்தார். பக்கத்து வயல்காரர்களும் அவரிடம்தான் விதை வாங்குவார்கள்.

ஒரு தை மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வயல் முழுக்கக் கதிர் சாய்ந்து நின்றது. ரோட்டோர மூலையில் மட்டும் பயிர் கரும்பச்சையாக, ஒரு கதிர்கூட இல்லாமல் நின்றது.

பூச்சி இல்லை, நோயும் இல்லை. யூரியா கூடிப்போச்சா என்று கேட்டேன்.

"எல்லா இடத்துக்கும் ஒரே அளவாக்கும் மேடம் போட்டேன்."

"அப்போ விதைக் கலப்புதான் அண்ணாச்சி. வேற ரகம் கலந்திருக்கு."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கலப்புன்னா வயலு முழுக்கல்லா செதறிக் கெடக்கணும்? ஒரு மூலையில மட்டும் எப்டி மேடம் வரும்?"

சரியான கேள்வி. பதில் தெரியாததால் எனக்குக் கோபம் வந்தது. "நான் படிச்சிட்டு வந்துதான் சொல்லுதேன்," என்றேன். டைரியில் 'விதைக் கலப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மேடமே சொல்லிவிட்டார்கள் என்ற பேச்சு ஊரில் பரவியது. அண்ணாச்சி அறுத்த நெல் முழுவதையும் அவித்து அரிசியாக்கிவிட்டார். கெட்ட விதையை ஊருக்குக் கொடுத்தவன் என்ற பேர் வேண்டாம் என்றாராம். அவரிடம் விதை வாங்கியவர்களும் அந்த நெல்லைக் கைவிட்டார்கள். அடுத்த கும்பப்பூவுக்கு எங்கள் துறையின் விதை டெப்போவிலிருந்து குறுகிய கால ரகம் வாங்கிக் கொடுத்தேன். அந்த மூலையிலும் ஜோராகக் கதிர் வந்தது. பார்த்தீர்களா என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

இரண்டு வருடம் கழித்து ஓசூர்ப் பக்கம் ஒரு பயிற்சிக்குப் போனோம். அங்கே செவ்வந்திப் பாத்திகளுக்கு மேல் வரிசையாக பல்பு தொங்கியது. எதற்கு என்று கேட்டேன்.

"ராத்திரி லைட் போட்டா பூக்காது மேடம். நாம நினைக்கிறப்போ அணைச்சா மொட்டு வைக்கும்," என்றார் தோட்டக்காரர்.

அப்போதுதான் எனக்கு அந்த மூலை நினைவுக்கு வந்தது. சில பயிர்கள் இரவின் நீளத்தை இலையால் அளக்கும். இரவு போதுமான அளவு நீண்டால்தான் பூக்கச் சொல்லும் ஹார்மோன் இலையில் உண்டாகிக் குருத்துக்குப் போகும். நடுவில் வெளிச்சம் பட்டால் அந்தச் செய்தி போகாது. நம் நாட்டு நெல்லில் பல இந்த வகை. டெப்போ ரகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியதுதான்.

அந்த மூலைக்கு நேர் மேலே தெருவிளக்கு இருந்தது. கதிர் வராத இடம் அந்த வெளிச்சம் விழுந்த அரைவட்டம். வளைவில் ஸ்கூட்டரோடு நான் வாய்க்காலுக்குள் விழுந்த பிறகு, அந்தத் தை மாதத்துக்கு முந்தைய ஆவணியில் மனுமேல் மனு கொடுத்து விளக்குப் போட வைத்ததே நான்தான். தினமும் ஜன்னல் வழியாக அந்த வெளிச்சத்தில் என் கேட் தெரிகிறதா என்று பார்த்தேன், வயலைப் பார்க்கவில்லை. வயல் பார்ப்பது பகல் வேலை என்று இருந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ எனக்க வெதை நல்ல வெதைதானா மேடம்?"

"நல்ல விதைதான் அண்ணாச்சி. தப்பு என்னுது."

"ஒரு பிடி வெதைய அடுத்த வருசம் அந்த மூலையிலயும் வெளக்குக்குத் தள்ளியும் வெதச்சுப் பாத்திருந்தா போதும். நீங்க சொன்னதுனால ஒரு பிடிகூட வைக்கலியே," என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நெல்லைத் தேடி எத்தனையோ வீடுகள் ஏறி இறங்கினேன். யாரிடமும் இல்லை. பிள்ளைகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அன்று எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வந்திருந்தால் அந்த விதை இன்றைக்கு இருந்திருக்கும். பழைய டைரியில் 'விதைக் கலப்பு' என்பதை அடித்துவிட்டு 'தெருவிளக்கு' என்று எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். விதைக்கத்தான் அந்த நெல் இல்லை.