ஃபர்ஹானாவின் முன்சில்லு

செய்திக்கு முன்னால் படம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகை அறையில் துணி துவைத்து முடித்து ஈரக் கையோடு ஃபோனை எடுத்தேன். நம் சைக்கிள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு முன்சில்லின் படம். ரிம் மடிந்து, கம்பிகள் ஒன்றோடொன்று பின்னி, தார் வீதியின் ஓரத்தில் கிடந்தது. அதன் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். "இந்த பிராண்டா? நான் அப்பவே சொன்னேன்." "மலிவா வாங்கினா இதுதான் கதி." "ரிம்மா, கடதாசியா?" ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தார். நானும் யாருடைய சில்லாக இருக்கும் என்று யோசித்தபடி கீழே கீழே போனேன். எங்கோ கடைசியில் ஒருவர் "இன்னா லில்லாஹி" என்று எழுதியிருந்தார். கடுகண்ணாவை இறக்கத்தில் வான் வண்டியொன்றோடு மோதி ஃபர்ஹானா இறந்துபோயிருந்தார். ஒரு ரிம்மின் தரத்தைப் பற்றிய வாதத்துக்கு நடுவில் அந்தச் செய்தியை நான் தெரிந்துகொண்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் அவரோடு சைக்கிள் ஓட்டியவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தும் நீங்கள் சொல்லாததை எழுதுகிறேன்.

கண்டி நகரில் நாங்கள் இருவரும் ஒரே தனியார் கல்வி நிலையத்தில் வேலை செய்தோம். அவர் கணினி கற்பித்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். தெல்தெனியவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தைப் பார்த்த முதல் ஆள். புதிதாகச் சேர்ந்த நாட்களில் சோற்றுப் பொதியைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருநாள் ஃபர்ஹானா சைக்கிள் சில்லு ஒன்றோடு வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கையில் பாதி கடித்த பணிஸ். மறு கையால் வீணை மீட்டுவதுபோல் கம்பிகளைச் சுண்டிக்கொண்டிருந்தார்.

"காதக் கொண்டா. இது சத்தம் போடுது. இது முனகுது. கேக்குதா?"

"கேக்குதுங்க மிஸ்."

"முனகுறவன் சோம்பேறி. அவன்ட வேலையயும் சேத்துச் செஞ்சு பக்கத்துல ஈக்கிறவன் உடையிறான். நம்மட ஒஃபிஸ் மாதிரித்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மிஸ் மிஸ்ஸுன்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். தாத்தான்னு கூப்புடு."

முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். எங்கள் தோட்டத்தில் தாத்தா என்றால் மீசை வைத்த கிழவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அலுவலகத்தில் நான் சிரித்தது அன்றுதான் முதல் முறை. அன்றிலிருந்து அவர் எனக்குத் தாத்தா.

மலிவு விலை மவுண்டன் பைக் சில்லுகளை வாங்கலாமா, கூடாதா என்று சங்கத்தின் பெண்கள் குழுவில் யார் கேட்டாலும் குரல் பதிவு போடுவது அவர்தான். வாங்கச் சொல்லி அவர் யாரையும் உந்தியதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய முதல் மலிவுச் சில்லுச் சோடி ஹந்தானை மழையில் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. அதையும் அவரே சொன்னார். "ரிம் பரவால்ல. கம்பியும் பரவால்ல. நடுவுல ஈக்கிற ஹப்புதான் கள்ளன். மழையில ஓடினதுக்குப் பொறகு கையால சுத்திப் பாருங்க. மணல் அரைக்கிற மாதிரி ஈந்தா, அத வாங்காதீங்க, வாங்கினவங்க பெயாரிங்க மாத்துங்க." அவரிடம் விலை கூடியதைப் பற்றி ஏளனமும் இல்லை. "நல்லது நல்லதுதான். அதுக்காக நல்லது கெடைக்கிற வரைக்கும் வீட்டுல குந்திட்டு ஈக்கேலுமா?" என்பார்.

அவருடைய கடைசிச் சில்லுச் சோடியை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன். நஸீர் நானாவுக்கு மடவளையில் ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை. தங்கச்சி சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்கள் ஆணி வாங்கும்போதும் கேட்டார்கள், பெயின்ட் வாங்கும்போதும் கேட்டார்கள். அதனால் கொஞ்சக் காலம் அவர் தங்கச்சியோடு பேசாமலே இருந்தார். ஒரு பெருநாளைக்கு முன்தினம் கொழும்புக்குப் போய், ஃபோனில் இருந்த படத்தைக் கடைக்காரனிடம் காட்டி, தன்னால் முடிந்த சோடியை வாங்கி வந்து மேசையில் வைத்தார். "ஓட்றதெண்டா நல்லதப் பூட்டி ஓட்டு" என்று மட்டும் சொன்னாராம். ஃபர்ஹானா அதை என்னிடம் பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அந்தக் குரலை நடித்துக் காட்டினார்.

அந்தச் சில்லுகளை அவர் அப்படியே பூட்டவில்லை. மலிவுச் சில்லை அவர் ஒருபோதும் அப்படியே பூட்டியதில்லை. நான் மடவளைக்குப் போன அன்று, கடையின் பின்புறத்தில், புத்தம் புதுச் சில்லின் கம்பிகளையெல்லாம் தளர்த்திவிட்டு முதலிலிருந்து முறுக்க ஆரம்பித்தார். நான் சில்லைப் பிடித்துக்கொண்டேன். நானா வந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"புதுச் சாமான ஏன் கழட்டுற? பிழை ஈக்கா?"

"பிழை இல்ல நானா. பெட்டிக்குள்ள வாறது அரவாசி வீல். மத்த அரவாசிய நாங்கதான் செய்யணும்."

நானா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவர் அதை நம்பவில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம் நாம் எல்லோரும் போன பயணம் உங்களுக்கு நினைவிருக்கும். தெல்தெனியக் கடையொன்றில் தேநீர் குடிக்கும்போது சங்கச் செயலாளர் ஃபர்ஹானாவின் சில்லைக் காலால் தட்டினார். விலை கூடிய சில்லுகளை வெளிநாட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"ஃபர்ஹானா, உம்மட சில்லு மழைக்குக் கரையாதோ?"

"கரையாதுண்ணே. ஒங்கட சில்லும் நல்ல சில்லுதான். ஏத்தம் முழுக்க நீங்க அதத் தள்ளிட்டு வந்ததாலதான் அதுக்கு ஒரு கீறலும் இல்ல."

எல்லோரும் சிரித்தீர்கள். செயலாளரும் சிரித்தார். ஆனால் அவர் அதை மறக்கவில்லை.

செய்தி வந்த ஞாயிறு மாலையே ஜனாஸா அடக்கம் நடந்து முடிந்துவிட்டது. அடுத்த நாள் நான் மடவளைக்குப் போனேன். சங்கத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். வாசலில் போட்டிருந்த கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். செயலாளர் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் எத்தினை தரம் சொன்னனான். சில்லிலை மிச்சம் பிடிக்கக் கூடாது எண்டு. இனியாவது மற்றப் பிள்ளையளுக்கு இது ஒரு பாடமா இருக்கட்டும்." அதே வசனத்தைப் படத்தோடு சங்கத்தின் இணையப் பக்கத்திலும் போட்டிருந்தார். அந்தச் சில்லை வாங்கிக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஃபர்ஹானா தெல்தெனியவில் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

நானா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அவரே என்னைக் கூப்பிட்டார். "மகள், நீங்க அன்டைக்குப் பக்கத்துல ஈந்தீங்க. உண்மையச் செல்லுங்க. வீல்ல பிழை ஈந்ததாலதானே அவ எல்லாத்தயும் கழட்டினா? என்ட மனசு நோகும்னு எனக்குப் பொய் செல்லீக்கா."

"இல்லங்க நானா."

"அல்லாஹ்ட நாட்டம், அது எனக்குத் தெரியும். ஆனா வாங்கிக் குடுத்த கை இதுதானே."

வான்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார்கள். சங்கத்தின் பதிவை ஃபோனில் காட்டி, சில்லு உடைந்ததால்தான் பிள்ளை வானுக்கு முன்னால் விழுந்தது, உங்கள் ஆட்களே எழுதியிருக்கிறார்கள், வான் ஓட்டியவன் என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறார்கள். நானா அதற்கும் தலையை ஆட்டியிருக்கிறார். மறுநாள் பொலிசுக்குப் போய், யார் மேலும் முறைப்பாடு இல்லை என்று சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

சைக்கிள் எங்கே என்று கேட்டேன். பொலிசார் வானை மட்டும் கொண்டுபோனார்களாம். சைக்கிளை வீட்டுக்காரர்கள் கடைக்கு எடுத்து வந்து, நானா பார்க்காதபடி சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். எனக்குப் பேச வராது. வாயைத் திறந்து பெரியவர்களுக்கு எதையாவது விளக்கியது என் வாழ்க்கையில் மிகக் குறைவு. அதனால் சாக்கை எடுத்தேன். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி நானாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்சில்லைச் சுற்றிவிட்டேன்.

அது நேராகச் சுற்றியது. அவ்வளவு பெரிய மோதலுக்குப் பிறகும் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் இல்லை. நின்றதும் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினேன். அந்தந்தப் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே குரலில் பேசின. முனகியது ஒன்றுகூட இல்லை.

"இதும் அதே பெட்டிதான் நானா. ரெண்டு வீலையும் ஒரே நாள்லதான் முறுக்கினாங்க. பிழைன்னு கழட்டல. எந்தப் புது வீல் வந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. என்னோட வீலும் பெட்டியில வந்திருக்கு. அடுத்த கிழம அதையும் கழட்டி முறுக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

பிறகு முன்சில்லைத் திருப்பினேன். நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்த அதே சில்லு. பெரிதாக்கிப் பெரிதாக்கி, ரிம்மில் இருந்த பெயரை எல்லோரும் வாசித்தீர்கள். அந்தப் பெயருக்கு மேலே குறுக்காகக் கறுப்பாய்ப் பதிந்திருந்த டயர்த் தடத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. சைக்கிள்காரர்கள் செய்யக்கூடிய பிழை அது. வேறு யாராவது பார்த்திருந்தால் முதலில் தடத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

நானா குனிந்து அதில் விரலை வைத்தார். விரல் அகலத்தால் அதை அளந்தார். ஹார்ட்வெயார் கடைக்காரர், அகலம் பார்க்கத் தெரிந்தவர்.

"இது சைக்கிள் டயர் இல்லயே."

"இல்ல நானா. கீழ விழுந்ததுக்கு அப்புறம் மேல ஏறியிருக்கு. அதுலதான் மடிஞ்சிருக்கு."

அவர் நிமிர வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் அவர் வான்காரர்களுக்காகப் பொலிசுக்குப் போகவில்லை. நாங்கள் இருவரும் பஸ்ஸில் கடுகண்ணாவைக்குப் போனோம். அந்த வளைவில் அவகாடோ விற்கும் ஒரு சிங்களப் பெண் இருந்தார். கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டார். எதிரே மேட்டில் ஏறி வந்த வான் பஸ்ஸை முந்த வெளியே எடுத்தது, அந்தப் பிள்ளை ஓரத்து மண்ணில்தான் வந்தது, அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை என்றார். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நானா கேட்டார். "யாரும் கேட்கவில்லையே மாத்தயா" என்றார். படம் எடுத்த நம் சங்கத்து ஆள் அந்தப் பெண்ணின் கடைத் தட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுத்திருக்கிறார்.

அன்றே நானா சைக்கிளை லொறியில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோய் முறைப்பாடு கொடுத்தார். அந்தப் பெண்ணும் வந்து சொன்னார். வழக்கு எப்போது எடுபடும், எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு நானா கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

எல்லாவற்றையும் நான் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஓம் தங்கச்சி, விளங்குது. ஆனா நான் பொதுவாத்தானே சொன்னனான். பாதுகாப்பைப் பற்றின விசயம். நிறையப் பேர் பகிர்ந்திருக்கினம், இப்ப எடுத்தா நல்லா இராது." பிறகு, நினைவுச் சவாரி ஒன்று வைக்கப்போவதாகவும், அன்று வெளியிடும் நினைவு மலருக்கு ஃபர்ஹானாவைப் பற்றி நான் ஏதாவது உருக்கமாக எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்.

இதோ, எழுதிவிட்டேன். சில்லைப் பற்றிய அவருடைய பதிவு இன்றைக்கும் சங்கத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. வான்காரரின் வழக்கறிஞருக்கு அதைத் தேட வேண்டிய சிரமம்கூட இல்லை.

அலுவலகத்தில் ஃபர்ஹானாவின் மேசை லாச்சியில், சில்லுக் கம்பிகளை முறுக்கும் அவருடைய கம்பிச் சாவி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன இரும்பு. தொலைந்துபோகாமல் இருக்க அதில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார். நானாவிடம் கொடுத்தேன். அவர் அதை எனக்கே திருப்பித் தந்தார். "ஒங்கட வீல் பெட்டியிலேயே ஈக்கிதுதானே? இங்க கொண்டு வாங்க" என்றார். கடையின் பின்புறத்தில், அதே இடத்தில், அவர் சில்லைப் பிடித்துக்கொண்டார். நான் எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினேன். இந்த முறை அவர் முகம் சுருங்கவில்லை. முறுக்கி முடித்ததும் அவரே ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தார்.

"இது முனகுதா மகள்?"

"கொஞ்சம் முனகுதுங்க நானா."

"அப்ப இன்னும் முறுக்குங்க."

ஃபர்ஹானா தாத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தச் சாவியும், முனகலைக் கேட்கும் காதும்தான். மலிவுச் சில்லு வாங்கலாமா என்று இனி யாராவது குழுவில் கேட்டால் நான் பதில் சொல்வேன். வாங்கலாம். அரவாசி வேலை உங்களுடையது.

நினைவுச் சவாரிக்கும் நான் வருவேன். நஸீர் நானா பிடிக்க, நான் முறுக்கிய அந்தச் சில்லில் வருவேன். கடுகண்ணாவை இறக்கத்தில் என் பின்னால் வருகிறவர்கள் ரிம்மில் உள்ள பெயரை நன்றாக வாசித்துக்கொள்ளலாம். எதிரே வருகிற வான்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.