தொண்ணூற்றாறு சதவீதம்

விஜயனின் முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாக வெட்டியிருக்கும். மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்துகிற யு.டி.சி. குமாஸ்தாவுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தில்லி ஆர்.கே.புரத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்பதில்லை. அவர்கள் அவன் எதிரில் குரலைக்கூட உயர்த்துவதில்லை.

பல் போனது நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில். கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர் சில்லில் பழையது ஒன்றைத் துடைத்துப் புதிது என்று தலையில் கட்டினான் ஒரு தரகன். விஜயன் அவன் சட்டையைப் பிடிக்க, அவன் ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்துவிட்டான். வாயில் ரத்தம் ஒழுக ஒழுக, வேறு பிராசஸர் கைக்கு வரும்வரை விஜயன் பிடியை விடவில்லை.

புருவம் அர்விந்தின் கைங்கர்யம். இருவருடைய அப்பாக்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குமாஸ்தாக்கள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. பையன்களுக்குள் தகராறு வந்தால் ஒருவன் "மொட்டமாடிக்கு வாலே" என்பான். மேலே போய், தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, யாராவது ஒருவனுக்கு ரத்தம் வரும்வரை அடித்துக்கொள்வார்கள். பிறகு கீழே இறங்கி, ஒரே கம்ப்யூட்டர் முன்னால் தோளோடு தோள் உட்காருவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் பிராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதுதான் இருவருக்கும் பிடித்த பைத்தியம். கம்பெனிக்காரன் லேசுப்பட்டவனா? விலை குறைந்த பிராசஸருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, வேகத்தைக் கூட்ட ஆசையா, விலை உயர்ந்ததை வாங்கிக்கொள் என்பான். விஜயனுக்கு வயிறு எரியும். "எங்கிட்ட வித்தப்புறம் நீ யாருலே பூட்டுப் போட?" என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துத் திட்டுவான்.

பிராசஸர் உட்காரும் மதர்போர்டில், கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பயாஸ் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அதில் கை வைத்தால் சில பூட்டுகள் திறக்கும். அர்விந்த் அதில் மன்னன். அவன் திருத்திய ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் MOTTAMAADI என்று கையெழுத்துப் போல எழுதிவைப்பான். தில்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் எழுத வராது. ஆக, அவர்கள் இருவருக்கும் மொட்டமாடி என்றால் அடிதடி. மொட்டமாடி என்றால் திறந்த பூட்டும்தான்.

அர்விந்த் வளர்ந்து, குர்கானில் ஒரு மதர்போர்டு கம்பெனியில் வேலைக்குப் போனான். கழுத்தில் அடையாள அட்டை. விஜயன் அதை நாய்ப்பட்டை என்பான். பேச்சு குறைந்து, தீபாவளி வாழ்த்தோடு நின்றுபோனது.

அப்புறம் அந்த அப்டேட் வந்தது. அர்விந்தின் கம்பெனி போர்டில் ஓர் ஓட்டை இருந்தது. பூட்டிய பிராசஸரும் அதில் தாராளமாக வேகம் பிடித்தது. பிராசஸர்காரன் நெருக்கியதில் போர்டுக்காரன் புது பயாஸ் போட்டு ஓட்டையை அடைத்தான். நூறு சதவீதம் ஏறிவிட்டால் சிப்பே பூட்டிக்கொள்ளும், என்ன செய்தாலும் பழையதுக்குத் திரும்ப முடியாது. ஊரெங்கும் பித்துப்பிடித்தவர்கள் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய ஃபைலைப் பதுக்கிவைத்தார்கள். விஜயன் வெள்ளிக்கிழமைதோறும் மலை மந்திர் முருகன் கோயில் படியில் நின்று அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். விபூதி வாங்கிய கையோடு அதையும் வாங்கிப் போனார்கள்.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, முனிர்காவில் ஒரு பாங்க்வெட் ஹாலில் அந்தக் கம்பெனி வேகப் போட்டி வைத்தது. முந்தின நாள் கல்யாணத்துச் சாமந்தி இன்னும் தூணில் தொங்கியது. விஜயன் தன் பழைய பயாஸ் போர்டையும் பூட்டிய பிராசஸரையும் கொண்டுபோயிருந்தான். கம்பெனிக்காரன் கண்ணெதிரே, கம்பெனி மேடையிலேயே, அந்த மலிவுப் பிராசஸரைப் பறக்கவிட வேண்டும். இருபது வருட வயிற்றெரிச்சலுக்கு அது ஒன்றுதான் மருந்து என்று நம்பினான்.

"புது பயாஸ் நம்பர் ஸ்கிரீன்ல தெரிஞ்சாதான் என்ட்ரி," என்றான் அர்விந்த். அவன் பக்கத்தில் மேனேஜர், மேனேஜருக்குப் பின்னால் இரண்டு பௌன்ஸர் தடியர்கள்.

"எம் போர்டுல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டு விஜயன் வெளியே போனான். பிராசஸரைக் குளிரவைக்கிற திரவ நைட்ரஜன் ஆட்டோவில் இருந்தது. பசுமாட்டுக்குச் சினை ஊசி போடுகிற டாக்டரிடம் கெஞ்சி வாங்கி வந்த சரக்கு.

ஃபிளாஸ்கோடு திரும்பியபோது மேஜைமுன் அர்விந்த் நின்றான், பக்கத்திலேயே மேனேஜர். போர்டில் ஒரு பென் டிரைவ். திரையில் நீலக்கோடு ஊர்ந்தது. நாற்பத்தொரு சதவீதம். கரண்டை நிறுத்தாதீர்கள் என்று கீழே சிவப்பு எழுத்து.

விஜயனுக்குக் கண் இருட்டியது. ஃபிளாஸ்க் கையில் இருப்பதையே மறந்து பாய்ந்தான். மூடி தெறித்து, நைட்ரஜன் வலது கைவிரல்கள்மேல் கொட்டியது. வலிக்கவில்லை, வலிக்காததுதான் பயங்கரம். இடது கையால் அர்விந்தின் மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்குவது முழங்கை வரை தெரிந்தது.

"நில்லுலே!" என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அர்விந்த் கத்தினான். "மொட்டமாடி! மொட்டமாடிலே!"

நாய்ப்பட்டை கட்டிக்கொண்டு இன்னும் என்னைச் சண்டைக்குக் கூப்பிடுகிறானா? மேஜைமேல் இருந்த, நைட்ரஜன் ஊற்றுகிற கனத்த செம்புக் குவளையை எடுத்து விஜயன் ஓங்கி வீசினான். அர்விந்தின் தாடை ஒரு பக்கமாகத் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. அதற்குப்பின் அவன் வாயிலிருந்து சொல் எதுவும் வரவில்லை, ஊளைதான் வந்தது.

அறுபத்தெட்டு. பௌன்ஸர் ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தான். விஜயன் அவன் முன்கையைக் கடித்தான்; பொய்ப்பல் அந்தச் சதையிலேயே தங்கிவிட்டது. இன்னொருவன் விலாவில் உதைத்தான். எண்பது. பிளக்கைப் பிடுங்கினால் போதும். தரையில் தவழ்ந்து சுவரை நோக்கிப் போனான்.

அங்கேதான் வேடிக்கை. மலை மந்திர் படியில் அவனிடம் பென் டிரைவ் வாங்கியவர்களே பிளக்கைச் சுற்றி வளைத்து நின்றார்கள். பூட்டை வெறுக்கிறவர்கள்தான், ஆனால் பயாஸ் ஏறும்போது கரண்டைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்கு வேதம். "அங்கிள், மத் கரோ! போர்ட் மர் ஜாயேகா!" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்கள். வேண்டாமாம், போர்டு செத்துவிடுமாம்.

"பூட்டோட வாழுததுக்குச் சாகட்டும்லே!" என்று விஜயன் தன் ஆட்களையே அடித்தான். ஒருவன் கண்ணாடி உடைந்து கன்னத்தில் இறங்கியது. இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பௌன்ஸரின் பூட்ஸ் முதுகில் விழ விழ, விஜயன் வயரைக் காலில் சுற்றி இழுத்தான்.

திரை அணைந்தது. கடைசியாகத் தெரிந்தது தொண்ணூற்றாறு. ஹாலில் இருந்த அத்தனை பேரும் சாவு வீட்டில் போல ஒரு சத்தம் போட்டார்கள். விஜயன் மட்டும் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தான். போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசல்வரை அடி வாங்கிக்கொண்டே வெளியேறினான்.

வீட்டில் மனைவி சுபாஷிணி அவன் விரல்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இரண்டு விரல் மெழுகாக வெளுத்திருந்தது. "ஏங்க, பொம்மை மாதிரி இருக்கே! ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஜல்தி!" என்றாள்.

"இரு. அஞ்சு நிமிஷம்." அவனுக்குப் பெருமிதம் அடங்கவில்லை. நூறு ஏறாததால் சிப் பூட்டிக்கொள்ளவில்லை; செத்த போர்டின் சிப்பில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கிளிப்பை மாட்டி, பழைய ஃபைலை எழுதினால் எழுந்துவிடும். எழுதுமுன் உள்ளே இருப்பதை ஒரு பிரதி எடுத்துவைப்பது வழக்கம். இடது கையால் தட்டித் தடவி எடுத்தான். திரையில் எழுத்துக்கள் வந்தன.

முதல் வரி: MOTTAMAADI.

இன்னொரு முறை படித்தான். அடுத்த வரியில் புது பயாஸின் நம்பர், அட்சரம் பிசகாமல். வெளியே காட்ட மட்டும் புது நம்பர். உள்ளே பூட்டில்லாத ஃபைல். மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவி விஜயனை மேடையேற்ற, அர்விந்த் தன் வேலையைப் பணயம் வைத்திருக்கிறான். ஃபைல் என்றோ பயாஸ் என்றோ சொல்லியிருந்தால் பக்கத்தில் நின்ற மேனேஜருக்குப் புரிந்திருக்கும். அதனால் அந்த ஒரு வார்த்தையைக் கத்தியிருக்கிறான்.

விஜயன் விசைப்பலகைமேல் தலையை மோதிக்கொண்டு அழுதான். சுபாஷிணி விரல் வலி என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள், இரண்டு விரல் குறைந்த கட்டோடு அவன் அர்விந்தின் வார்டுக்குப் போனான். அர்விந்துக்குத் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஹாலில் கிடந்த பென் டிரைவை மேனேஜர் திறந்து பார்த்துவிட்டதால் வேலை போய்விட்டது என்று அவன் மனைவி ஷ்வேதா சொன்னாள். சொல்லிவிட்டு விஜயன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

 அர்விந்த் காகிதத்தை இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் காட்டினான். ஓடுதா?

"தொண்ணூத்தாறுல புடுங்கிட்டேன்லே," என்றான் விஜயன்.

அர்விந்த் மறுபடியும் எழுதினான். இம்முறை பேனா காகிதத்தைக் கிழித்தது. மொட்டமாடின்னு கத்தினேனே.

 விஜயன் கட்டுப்போட்ட கையைக் கட்டிலின் விளிம்பில் வைத்துக்கொண்டான்.

"சண்டைக்குக் கூப்பிடுதேன்னு நெனச்சேன்லே."